எடைக்குப் போடுமுன் எடுத்துப் பாருங்கள்

(வானொலிப் பேச்சு)



போகி வந்தால் வீட்டை ஒழிக்கிறோம். பரண்மேல் கிடக்கிற அண்டா, சொம்பு, படி, மரக்கால் எல்லாம் கீழே இறங்குது. வாசலிலே பழைய பாத்திரக்காரர் தராசோடு நிற்கிறார். விற்பதும் வைத்துக்கொள்வதும் உங்கள் இஷ்டம். ஆனால் கையில் இருப்பது என்னவென்று தெரிந்துகொண்டு முடிவு பண்ணுங்க.

முதலில் உலோகம். செம்பு சிவப்பு நிறம். செம்போடு துத்தநாகம் சேர்ந்தால் பித்தளை. மஞ்சளாக இருக்கும், கீழே விழுந்தால் நெளியும். செம்போடு வெள்ளீயம் சேர்ந்தால் வெண்கலம். அதைச் சுண்டினால் மணி மாதிரி நாதம் நீண்டு கேட்கும். ஓங்கி விழுந்தால் விரிசல் விடும். வெள்ளீயம் விலை கூடின சரக்கு. ஆகவே வெண்கலத்தைப் பித்தளை விலைக்குப் போட்டுடாதீங்க.

அடுத்து விளிம்பைப் பாருங்க. சீர்ப் பாத்திரங்களில் பேர் வெட்டியிருப்பார்கள். சிலதில் வருஷமும் இருக்கும். உங்கள் பாட்டியின் கல்யாணத்துக்கு அத்தாட்சி அது ஒண்ணுதான் என்றுகூட இருக்கலாம். அதைச் செங்கல் தூள் போட்டுத் தேய்க்காதீங்க, எழுத்து மழுங்கிப்போகும். புளி போட்டு மெதுவாகத் தேய்த்துக் கழுவி, ஈரம் போகத் துடைத்தால் போதும்.

இனி, படியும் மரக்காலும். 8 படி ஒரு மரக்கால். 12 மரக்கால் ஒரு கலம். ஆனால் படியின் அளவு ஊருக்கு ஊர் மாறும். 1956-ஆம் வருஷத்துச் சட்டத்துக்குப் பிறகு படிப்படியாகக் கிலோவும் லிட்டரும் வந்துவிட்டன. இருந்தாலும் பழைய குத்தகைச் சீட்டிலே "இத்தனை கலம் நெல்" என்றுதானே இருக்கு? அந்தக் கலம் எத்தனை கிலோ என்று சொல்ல உங்கள் வீட்டு மரக்கால்தான் சாட்சி. அதில் நெல்லைத் தலைதட்டி அளந்து தராசிலே நிறுத்துப் பாருங்க. அதை 12-ஆல் பெருக்கினால் உங்கள் வீட்டுக் கலம் தெரிந்துவிடும். அந்தக் காலத்தில் தலைதட்டி அளந்தார்களா, குவித்து அளந்தார்களா என்று பெரியவர்களையும் கேட்டுக்கொள்ளுங்க.

புழங்க ஆசைப்பட்டால் ஒரு எச்சரிக்கை. ஈயம் பூசாத செம்பு, பித்தளையில் மோர், புளிக்குழம்பு வைக்கக்கூடாது. புளிப்பு பட்டால் களிம்பு ஏறும். வாந்தி, வயிற்றுவலி வரும். பூசும்போது வெள்ளீயம்தான் பூசணும். காரீயம் விஷம், கலப்புக்கூடக் கூடாது. ஈயச்சொம்பைக் காலியாக அடுப்பில் வைத்தால் உருகிவிடும். ரசத்தையோ தண்ணீரையோ ஊற்றிவிட்டுத்தான் ஏற்றணும். அது வெள்ளீயமா, காரீயமா என்று சந்தேகமாக இருந்தால் சமைக்காதீங்க, அழகுக்கு வைத்துக்கொள்ளுங்க.

கடைசியாக ஒன்று. "உங்க சொம்பிலே இரிடியம் இருக்கு, அரிசியை இழுக்கும், கோடிக்குப் போகும், சோதனைக்குப் பணம் கட்டுங்க" என்று யாராவது வந்தால் நம்பாதீங்க. எந்த உலோகமும் அரிசியை இழுக்காது. அரிசியில் இரும்புத்தூளை ஏற்றி, பாத்திரத்தில் காந்தத்தை ஒளித்து வைத்தால் யாரும் இந்த வித்தை காட்டலாம். இதை நம்பி நிலத்தை விற்றவர்கள் உண்டு. போலீசுக்குச் சொல்லுங்க.

இந்தப் போகிக்குப் பரணைக் காலி பண்ணுமுன், வீட்டுப் பெரியவர்களைப் பக்கத்தில் உட்கார வைத்து, எது யார் கொண்டுவந்தது, எதற்குப் புழங்கினது என்று ஒரு நோட்டிலே எழுதுங்க. அப்புறம் தராசுக்காரரைக் கூப்பிடலாம்.