வெயிலுக்கு விலை இல்லை, வேலைக்கு?

ஆஸ்திரேலியாவின் கிழக்கு, தெற்கு மாநிலங்களுக்கு ஒரே மின்சாரச் சந்தை. 1998 டிசம்பரில் திறந்தார்கள். 'தேசிய மின்சாரச் சந்தை' என்று பெயர்; மேற்கு ஆஸ்திரேலியாவோ வடக்குப் பிரதேசமோ அதில் இல்லை! பெயரில் இருக்கும் தேசியம் கம்பியில் இல்லை. போகட்டும். அந்தச் சந்தையில் நடப்பதை நம் தொழிலாளத் தோழர்கள் கூர்ந்து பார்க்கவேண்டும் என்கிறோம்.

ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை அங்கே விலை கட்டுகிறார்கள். குறைந்த விலை கேட்கும் நிலையத்தின் மின்சாரத்தை முதலில் எடுப்பார்கள், பிறகு அடுத்தது, தேவை தீரும்வரை இப்படியே. கடைசியாக எடுத்த நிலையம் கேட்ட விலைதான் அத்தனை பேருக்கும் விலை. காற்றாலைக்குக் கரிச்செலவு உண்டா? சூரியத் தகட்டுக்கு எண்ணெய் வேண்டுமா? ஆகவே அவை ஒன்றும் கேட்காமலே விற்க முடியும். அந்நாட்டில் 40 லட்சம் கூரைகளுக்குமேல் தகடுகள் ஏறிவிட்டன. நடுப்பகலில் பல நாள் விலை பூஜ்யத்துக்கும் கீழே விழுகிறது. நிலக்கரி நிலையத்தின் கொதிகலனை நினைத்தபோது அணைத்து நினைத்தபோது மூட்ட முடியுமா? முடியாது. எனவே அது மின்சாரத்தையும் கொடுத்து, கைப்பணத்தையும் கொடுத்து நிற்கிறது! மாலையில் வெயில் சாய்ந்ததும் எரிவாயுவும் புனல் மின்சாரமும் விலையை ஏற்றிவிடுகின்றன. 2024-ல் இச்சந்தையின் மின்சாரத்தில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு காற்றும் வெயிலும் நீரும் தந்தவை.

வரவேற்கிறோம். புகையை விரும்பும் தொழிலாளி யார்? 2014-ல் ஹேசல்வுட் சுரங்கம் தீப்பிடித்து 45 நாள் எரிந்தபோது அந்தப் புகையைக் குடித்தவர்கள் பக்கத்து மார்வெல் ஊர் மக்கள்தானே! வாடகை வீட்டுக்காரனுக்குக் கூரை சொந்தமில்லை, அவனுக்குத் தகடும் இல்லை. அது தனிக் கதை.

நாம் கேட்பது வேறு. விக்டோரியா மாநிலத்தின் லாட்ரோப் பள்ளத்தாக்கில், நம் நெய்வேலியில் கிடைப்பது போன்ற பழுப்பு நிலக்கரியை எரித்து வந்தது ஹேசல்வுட் மின் நிலையம். 1600 மெகாவாட். மாநில சர்க்காரின் சொத்தாக இருந்தது. 1996-ல் தனியாரிடம் விற்றார்கள். 2016 நவம்பரில் 'மூடப்போகிறோம்' என்றனர் உரிமையாளர்கள். 2017 மார்ச்சில் மூடிவிட்டார்கள். ஐந்தே மாதம்! சுமார் 750 தொழிலாளர் வெளியே. குடியிருக்கும் வீட்டைக் காலி செய்யவே இதைவிட அதிகத் தவணை கேட்போமே!

பிறகு, 2018-ல் விதி பிறந்தது: இனி மூடுகிறவர்கள் மூன்று ஆண்டு முன்னதாகவே சொல்லவேண்டும். எதற்காக? கொதிகலன் அருகே நின்றவனுக்காகவா? இல்லை, சந்தையில் மின்சாரம் குறைந்து போகாதிருக்க, புது முதல் போடுவோர் கணக்குப் பார்க்க! தொழிலாளிக்குக் கிடைத்தது, சந்தைக்காகச் செய்ததில் சிந்தியது.

நிதானமாக மூட முடியாதா என்ன? நியூ சவுத் வேல்ஸில் லிடல் நிலையத்தின் மூடலை 2015-லேயே சொன்னார்கள், மூடியது 2023-ல். எட்டு ஆண்டு. லாட்ரோப்பிலும் தொழிற்சங்கங்கள் சும்மா இருக்கவில்லை. மற்ற நிலையங்களின் மூத்த தொழிலாளர்கள் முன்னதாக ஓய்வு பெறுவது, அந்த இடத்துக்கு ஹேசல்வுட் தொழிலாளி போவது என்ற ஏற்பாடு வந்தது. ஒருவன் விட்டுக்கொடுத்த இடத்தில் இன்னொருவனின் குடும்பம் பிழைத்தது. இது நடந்தது மூடும் அறிவிப்பு வந்த பிறகல்லவா?

விற்ற மாநிலமே 2023-ல் தன் பழைய மின்சாரக் கமிஷனை மறுபடி நிறுவி, பசுமை மின்சாரத்தில் பொதுப்பணத்தை முதலீடு செய்கிறது. நல்லது. அதே பள்ளத்தாக்கில் யாலர்ன் நிலையம் 2028-ல் மூடப்படும் என்று 2021-ல் அறிவித்தார்கள். புதிய காற்றாலைக்கு ஆளெடுக்கும் பட்டியலில் யாலர்ன் தொழிலாளியின் பெயர் முதலில் இருக்கவேண்டும், அதுவும் பழைய கூலிக்குக் குறையாமல் இருக்கவேண்டும் என்கிறோம்.