பேஸ் கிடார் வாங்கப் போகிறீர்களா?

பொங்கல், அம்மன் கோயில் கொடை, பிள்ளையார் சதுர்த்தி என்று விழாக்கள் வந்துவிட்டால் போதும். மும்பையில் தாராவி, சயான் கோலிவாடா பக்கமெல்லாம் மெல்லிசைக் கச்சேரிக்குப் பந்தல் எழும்பிவிடும். மேடையில் பாடகர் முன்னால் நிற்பார். டிரம்ஸும் கீ போர்டும் கண்ணைப் பறிக்கும். பின்வரிசையில், நீண்ட கழுத்துள்ள கிடார் ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒருவர் அமைதியாக நிற்பார். அவரைக் கூட்டம் கவனிப்பதில்லை. ஆனால் அவர் நடுவில் வாசிப்பை நிறுத்தினால் பாட்டு காலில்லாமல் நிற்பது போல் ஆகிவிடும். அவர்தான் பேஸ் கிடார் வாசிப்பவர்.

இப்படிப்பட்ட குழுக்களில் வாசிப்பவர்களில் பலருக்கு இசை முழுநேரத் தொழில் அல்ல. பகலில் ஆபீசில் குமாஸ்தா. அல்லது பட்டறையில் தொழிலாளி. சனி, ஞாயிறு இரவில் கலைஞர். வாடகை, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், ஊருக்கு அனுப்பும் பணம் எல்லாம் போக மிஞ்சியதைச் சேர்த்து வைத்து, தீபாவளி போனசும் கைக்கு வந்த பிறகுதான் புதுக் கிடார் வாங்கும் பேச்சே எழும். தேர்வு தவறிவிட்டால் அடுத்த போனஸ் வரை அந்தக் கருவியோடுதான் மல்லுக்கட்ட வேண்டும். ஆகவே கடைப் படி ஏறுமுன் சில விவரங்களைத் தெரிந்துகொள்வது நல்லது.

ரேடியோ ரிப்பேர்க்காரரின் கொடை

ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும் பெரிய டபுள் பேஸ்தான் முன்பு அடிநாதத்துக்கு இருந்த கருவி. அதைத் தூக்கிச் செல்வதே ஒரு தண்டனை. டிரம்ஸும் மின்சாரக் கிடாரும் சேர்ந்து முழங்கினால் அதன் ஓசை எடுபடாது. அமெரிக்காவில் கலிபோர்னியாவில் ரேடியோ ரிப்பேர்க் கடை நடத்திக் கிடார் தயாரிப்புக்கு வந்த லியோ பெண்டர், 1951-ல் இந்தக் கஷ்டத்துக்கு வழி கண்டார். தோளில் மாட்டக்கூடிய, கழுத்தில் கட்டைகள் பதித்த மின்சாரப் பேஸ் கிடாரை விற்பனைக்குக் கொண்டுவந்தார். விரல் வைத்த இடத்தில் சுரம் பிசகாமல் பேசும் என்பதால் அதற்கு ‘பிரிசிஷன்’ என்று பெயர். 1960-ல் ‘ஜாஸ் பேஸ்’ வந்தது. இன்று கடைகளில் தொங்கும் கிடார்களில் பெரும்பாலானவை இந்த இரண்டின் வழிவந்தவையே.

நம் திரையிசையிலும் இதற்குத் தனி இடம் உண்டு. மும்பையில் ஆர்.டி. பர்மன் குழுவில் டோனி வாஸ், சென்னையில் இளையராஜா பாடல்களில் சசிதரன், ஏ.ஆர். ரஹ்மான் பாடல்களில் கீத் பீட்டர்ஸ் ஆகியோர் வாசித்த அடிநாதங்களை ரசிகர்கள் இன்றும் தனியாகப் பிரித்துக் கேட்கிறார்கள். இளையராஜா பாட்டை மேடையில் வாசிக்கும்போது பேஸ் பிசகினால் பாட்டே பிசகும்.

4 தந்தியா, 5 தந்தியா?

கடைக்காரர் கேட்கும் முதல் கேள்வி இதுதான். பலர் ‘ஒன்று கூட இருக்கட்டுமே’ என்று 5 தந்திக் கிடாரை வாங்கிவிடுகிறார்கள். அது சரியா என்பதைக் குழுவின் பாடகர்தான் தீர்மானிக்க வேண்டும்!

4 தந்திக் கிடாரில் தடித்த தந்தியின் சுரம் ‘இ’. ஆர்மோனியக் கணக்கில் அது 3 கட்டை. குழுவில் ஆண் பாடகர் 1 கட்டையிலோ 2 கட்டையிலோ பாடுகிறார் என்றால், அந்தப் பாட்டின் கீழ் ஆதார சட்ஜம் 4 தந்திக் கிடாரில் கிடையாது. ஒரு ஸ்தாயி மேலே போய்த்தான் வாசிக்க வேண்டும். நெஞ்சில் இறங்க வேண்டிய கனம் அங்கே குறைந்துவிடும். 5-வது தந்தி இருந்தால் கீழே போய்ப் பிடிக்கலாம்.

ஆனால் இதற்கு விலை உண்டு. கழுத்து அகலமாகும், பாரம் கூடும். மலிவான கருவிகளில் அந்தத் தடித்த தந்தி தொளதொளவென்று கிடந்து, சுரத்துக்குப் பதில் வெறும் அதிர்வையே தரும். சுமாரான 5 தந்தியை விட நல்ல 4 தந்தி எவ்வளவோ மேல்.

தோள் சொல்லும் தீர்ப்பு

பேஸ் கிடார் சாதாரணமாக 4 கிலோ அளவில் எடை இருக்கும். கடையில் நாற்காலியில் உட்கார்ந்து 5 நிமிடம் வாசித்தால் எல்லாக் கிடாரும் இலேசாகத்தான் இருக்கும். மேடையில் 3 மணி நேரம் நிற்க வேண்டும். எனவே வார் மாட்டி, எழுந்து நின்று, கால் மணி நேரமாவது வாசித்துப் பார்க்க வேண்டும். அப்படியே இடது கையை எடுத்துவிட்டுக் கவனிக்க வேண்டும். கிடாரின் தலை தரையை நோக்கிச் சாய்ந்தால் அது ஆகாது. கச்சேரி முழுவதும் இடது கை வாசிப்பதை விட்டுவிட்டுக் கிடாரைத் தாங்கிக்கொண்டிருக்கும்.

கை சிறியவர்களுக்குத் தந்தி நீளம் 34 அங்குலம் உள்ள கிடார் எட்டாமல் போகலாம். 30 அங்குலக் கிடார்களும் உண்டு. வெட்கப்பட வேண்டியதில்லை. பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி உலகத்தையே ஆட்டிவைத்தது ஒரு குட்டைக் கிடாரை வைத்துத்தான்.

லோக்கல் ரயிலில் போகிறவர்கள் இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். முழு நீளக் கிடார் உறையோடு 4 அடி இருக்கும். மெத்தென்ற கனத்த உறைக்குச் செலவு செய்யத் தயங்கக் கூடாது. நெரிசலில் ஒரு இடி பட்டால் முதலில் போவது கழுத்து.

இரைச்சல் என்னும் எதிரி

விழா மேடையில் ஜெனரேட்டர், சீரியல் விளக்கு, டியூப் லைட் எல்லாம் ஒன்றாக இயங்கும். ஒற்றைச் சுருள் பிக்கப் உள்ள கிடார் இவற்றின் இரைச்சலை எல்லாம் வாங்கி ‘ஹூம்’ என்று முனகும். ஜாஸ் பேஸ் வகையில் இரண்டு பிக்கப்பையும் ஒரே அளவில் திறந்தால் முனகல் அடங்கும். ஒன்றைக் குறைத்தால் திரும்ப வரும். 1957-க்குப் பிந்திய பிரிசிஷன் வகையில் பிக்கப்பே இரண்டாகப் பிரிந்திருப்பதால் இந்தத் தொல்லை குறைவு.

உள்ளே 9 வோல்ட் பாட்டரி வைத்த ‘ஆக்டிவ்’ கிடார்கள் ஓங்கிப் பேசும். ஆனால் ஒயரைச் செருகியபடியே விட்டால் பாட்டரி தீர்ந்துகொண்டே இருக்கும். பாட்டரி இல்லாமலும் வாசிக்கும்படி தனிச் சுவிட்ச் உள்ளது கிடைத்தால் நல்லது. 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி, அனுமதி பெற்ற விழா நாட்கள் தவிர, திறந்தவெளி ஒலிபெருக்கியை இரவு 10 மணிக்கு நிறுத்தியாக வேண்டும். பாட்டரி தேடி ஓட நேரம் ஏது?

கடையில் சோதனை

தோபி தலாவிலோ வேறெங்கோ, எந்தக் கடையாக இருந்தாலும் சோதனை ஒன்றுதான். முதலில் கழுத்தை ஒரு கண்ணால் நீளவாக்கில் பார்க்க வேண்டும். லேசான வளைவு இருக்கலாம். முறுக்கல் இருக்கக் கூடாது. வளைவை உள்ளிருக்கும் கம்பியைத் திருகிச் சரி செய்யலாம். முறுக்கலுக்கு எளிய வைத்தியம் இல்லை. பிறகு ஒவ்வொரு தந்தியையும் ஒவ்வொரு கட்டையிலும் அழுத்தி மீட்ட வேண்டும். எங்காவது ‘ஜிர்ர்’ என்று இரைகிறதா? 12-வது கட்டையில் அழுத்தி மீட்டும் சுரம், அதே இடத்தில் விரலால் தொட்டு எழுப்பும் மணி ஓசையோடு ஒத்துப் போகிறதா? குமிழ்களைத் திருகும்போது கரகரப்பு வருகிறதா? ஒயர் செருகும் துளை ஆடுகிறதா?

கடையிலுள்ள உயர்ந்த ஆம்ப்ளிபயரில் எல்லாமே இனிக்கும். மேடையில் பழகிய சாதாரணப் பெட்டி போன்றதில் போட்டுக் கேட்பதே புத்திசாலித்தனம். குழுவிலுள்ள டிரம்ஸ்காரரை உடன் அழைத்துப் போனால் இன்னும் நல்லது. வாசிப்பவர் காதுக்கு ஏறாத குறை அவர் காதுக்கு ஏறும்.

கைப்பணம் முழுவதையும் கிடாரிலேயே கொட்டிவிடவும் கூடாது. வீட்டுப் பழக்கத்துக்கான 15 வாட் பெட்டி, டிரம்ஸுக்கு முன்னால் ஊமை. சாதாரணக் கிடார்ப் பெட்டியில் பேஸை முழு ஓசையில் போட்டால் ஸ்பீக்கர் கிழிந்து போகலாம். மேடை மிக்சரில் நேராக இணைக்கும் ‘டி.ஐ.’ பெட்டி ஒன்றைக் கையோடு வைத்திருப்பது செலவு குறைந்த வழி. நல்ல ஒயர் இரண்டு, மாற்றுத் தந்திகள் ஒரு செட், அகலமான வார் இவற்றுக்கும் பணம் ஒதுக்க வேண்டும்.

பழைய கிடார் வாங்குவதில் தப்பில்லை. கழுத்து நேராக இருந்து, கட்டைகள் தேயாமல் இருந்தால் பாதி விலையில் நல்ல சரக்கு கிடைக்கக் கூடும். மழைக்காலத்தில் மும்பையின் ஈரம் மரத்தைப் பதம் பார்க்கும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. புதியதோ பழையதோ, ஜூன் மாதம் பிறந்ததும் கழுத்தை ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

கடைசியாக, வண்ணத்தையும் பளபளப்பையும் கண்டு மயங்க வேண்டாம். பந்தலில் பத்தாவது வரிசையில் இருப்பவருக்குக் கிடாரின் நிறம் தெரியாது. அதன் ஓசை மட்டும் நெஞ்சில் தட்டும். அகல உழுவதை விட ஆழ உழு என்று நம் பெரியவர்கள் சொன்னது வயலுக்கு மட்டுமல்ல, பேஸ் கிடாருக்கும் பொருந்தும்.