வேலையைப் பிரிக்க 348 கோடி வழி... எது பெஸ்ட்? கணிதம் சொல்ற ஈஸி ரூல்!

ஞாயிற்றுக்கிழமை காலை. ரூம்ல நீங்க மூணு பேர். செய்ய வேண்டியது ஏழு வேலை. பாத்திரம் கழுவணும், பாத்ரூம் கழுவணும், துணி மடிக்கணும், தரை துடைக்கணும், ஃபேன் துடைக்கணும், காய்கறி வாங்கணும். இந்த ஆறும் தலா 20 நிமிஷம். ஏழாவது, மாசக்கணக்கா யாரும் திறக்கவே பயப்படுற அலமாரி. அதை ஒழுங்குபடுத்த முழுசா ஒரு மணி நேரம். ஒருத்தர்தான் நின்னு செய்ய முடியும்.

பெரும்பாலும் நாம என்ன செய்வோம்? 'சின்ன வேலையை எல்லாம் முதல்ல முடிச்சுடலாம்'னு ஆரம்பிப்போம். ஆளுக்கு ரெண்டு சின்ன வேலை, 40 நிமிஷத்துல காலி. அப்புறம் அலமாரி. ஒருத்தர் மட்டும் ஒரு மணி நேரம் மாட்டிக்குவார், மத்த ரெண்டு பேரும் போனை நோண்டிக்கிட்டு இருப்பாங்க. மொத்தம் 100 நிமிஷம்.

அலமாரியை ஒருத்தர் முதல்லயே எடுத்திருந்தா? மத்த ரெண்டு பேரும் ஆளுக்கு மூணு சின்ன வேலை. எல்லாமே 60 நிமிஷத்துல முடிஞ்சிருக்கும். அதே ஆளுங்க, அதே வேலை. வரிசை மட்டும்தான் வேற.

கம்ப்யூட்டரே திணறும் கணக்கு

ஏழு வேலைன்னா கண்ணாலயே பார்த்துச் சொல்லிடலாம். 20 வேலைன்னா? ஒவ்வொரு வேலையையும் மூணு பேர்ல யாருக்கு வேணும்னாலும் கொடுக்கலாம். அப்படின்னா மொத்தம் 348 கோடிக்கும் மேல வழிகள். ஒரு வழியைச் சரிபார்க்க ஒரு விநாடி எடுத்தா, எல்லாத்தையும் பார்த்து முடிக்க 110 வருஷம் ஆகும். கம்ப்யூட்டர் இதை வேகமா முடிச்சுடும்தான். ஆனா, ஒவ்வொரு வேலை கூடும்போதும் வழிகள் மூணு மடங்காகும். 30 வேலைன்னா 205 லட்சம் கோடியைத் தாண்டிடும்!

1972-ல ரிச்சர்ட் கார்ப் என்ற கணினி விஞ்ஞானி, இப்படி அடங்காத 21 கணக்குகளைப் பட்டியல் போட்டார். வேலைகளை வரிசைப்படுத்துறதும் அதுல ஒண்ணு. இந்தக் கணக்குகள் எல்லாம் ஒண்ணோட ஒண்ணு பின்னிக் கிடக்கு. எதாவது ஒண்ணுக்கு வேகமான வழி கிடைச்சா, எல்லாத்துக்கும் கிடைச்ச மாதிரி. இன்னிக்கு வரைக்கும் யாரும் கண்டுபிடிக்கலை. அப்படி ஒரு வழி இல்லவே இல்லைன்னும் யாரும் நிரூபிக்கலை. இதைத் தீர்க்கிறவங்களுக்கு 10 லட்சம் டாலர் பரிசுன்னு அமெரிக்காவின் கிளே கணித நிறுவனம் 2000-ல அறிவிச்சது. பரிசு இன்னும் அப்படியேதான் இருக்கு.

'பெஸ்ட்' வேணாம்... கேரன்டி வேணும்!

இங்கேதான் ரொனால்ட் கிரஹாம் வர்றார். அமெரிக்காவின் பெல் ஆய்வகத்துல வேலை பார்த்த கணித மேதை. பல பந்துகளை ஒரே நேரத்துல தூக்கிப்போட்டுப் பிடிக்கிற 'ஜக்ளிங்' வித்தையிலும் கில்லாடி. சர்வதேச ஜக்ளர்கள் சங்கத்துக்கே தலைவரா இருந்தவர்!

1966-ல அவர் வேற மாதிரி யோசிச்சார். மிகச் சிறந்த பிளானைத் தேடி அலையறதுக்குப் பதிலா, சுலபமான ஒரு முறையை எடுத்துக்குவோம். அது பெஸ்ட்டை விட எவ்வளவு தூரம்தான் மோசமா போகும்னு நிரூபிப்போம். இதைத்தான் இப்போ 'அப்ராக்ஸிமேஷன் அல்காரிதம்'னு சொல்றாங்க. தோராயம்தான், ஆனா உத்தரவாதத்தோட.

அவர் எடுத்துக்கிட்ட முறை ரொம்ப சிம்பிள். வேலைகளை எந்த வரிசையிலயாவது லிஸ்ட் போடுங்க. யார் கை காலியாகுதோ, அவர் லிஸ்ட்ல அடுத்த வேலையை எடுக்கணும். அவ்வளவுதான். இப்படிச் செஞ்சா, வரிசை எவ்வளவு மோசமா இருந்தாலும், பெஸ்ட் பிளானுக்கு ஆகுற நேரத்தைப் போல ரெண்டு மடங்கைத் தாண்டாது!

ஏன்னு பார்ப்போம். கடைசியா முடியுற வேலையை மட்டும் கவனிங்க. அது ஆரம்பிக்கிற வரைக்கும் யாருமே சும்மா இருந்திருக்க முடியாது. சும்மா இருந்திருந்தா, அவரே அதை முன்னாடியே எடுத்திருப்பாரே! அதுவரை எல்லாரும் ஓயாம செஞ்ச வேலையை, பெஸ்ட் பிளானும் அதே ஆளுங்களை வெச்சு செஞ்சுதான் ஆகணும். அதனால அந்த நேரம் பெஸ்ட்டை விட அதிகமில்லை. மிச்சம் அந்த ஒரே ஒரு கடைசி வேலை. பெஸ்ட் பிளான்லயும் யாரோ ஒருத்தர் அதைச் செஞ்சாகணும். அதுவும் பெஸ்ட்டை விட அதிகமில்லை. ரெண்டையும் கூட்டுங்க. ரெண்டு மடங்கு, அதுக்கு மேல இல்லை!

இதுல அழகு என்னன்னா, பெஸ்ட் பிளான் எதுன்னு நமக்குத் தெரியவே தெரியாது. ஆனாலும், அதுலேருந்து எவ்வளவு தூரத்துல இருக்கோம்னு தெரியுது.

பெருசு முதல்ல!

1969-ல கிரஹாம் இன்னொரு ரிசல்ட் கொடுத்தார். லிஸ்ட்டை மட்டும் பெரிய வேலையிலேருந்து சின்ன வேலைக்கு வரிசைப்படுத்திட்டா, ரெண்டு மடங்குங்கிறது பெஸ்ட்டைப் போல ஒண்ணே கால் சொச்சமா, அதாவது அதிகபட்சம் மூணில் ஒரு பங்கு கூடுதலா சுருங்கிடும். ஒரு மணி நேரத்துல முடியக்கூடிய வேலை, 80 நிமிஷத்தைத் தாண்டாது.

இது எப்பவும் பெஸ்ட்டைக் கொடுக்குமா? இல்லை. ரெண்டு பேர், வேலைகள் 3, 3, 2, 2, 2 மணி நேரம்னு வைங்க. பெருசு முதல்லன்னு போனா 7 மணி நேரம். மூணு மணி நேர வேலை ரெண்டையும் ஒருத்தரே எடுத்தா 6 மணி நேரத்துல முடிஞ்சிடும். ஆனா அந்த ஒரு மணி நேரத்தை மிச்சம் பிடிக்க, எல்லா வழியையும் அலசணும்.

வீடு மாத்துறீங்களா?

பேக்கிங்கும் இதே குடும்பத்துக் கணக்குதான். ஒரு பெட்டி 10 கிலோ தாங்கும். சாமான்கள் 4, 4, 6, 6 கிலோ. கையில கிடைக்கிற வரிசையில, இடம் இருக்கிற முதல் பெட்டியில போட்டா, நாலும் நாலும் ஒரு பெட்டி, ஆறுக்கு ஒண்ணு, இன்னொரு ஆறுக்கு இன்னொண்ணு. மூணு பெட்டி. கனமானதை முதல்ல போட்டா 6+4, 6+4. ரெண்டே பெட்டி.

டேவிட் ஜான்சன் 1973-ல எம்.ஐ.டி.யில் கொடுத்த பி.எச்டி ஆய்வு இதைப் பத்தினதுதான். அதுக்கப்புறம் வந்தவங்க எல்லையைத் துல்லியமாக்கினாங்க. 10 பெட்டியே போதும்கிற இடத்துல, கண்டபடி போட்டா 17 வரைக்கும் போகலாம். கனமானதை முதல்ல போட்டா 12-ஐத் தாண்டாது. உடையுற சாமான், கோணல்மாணலான சாமான் எல்லாம் இந்தக் கணக்குல வராது. இது எடைக்கு மட்டும்தான். ஆயிரக்கணக்கான சர்வர்கள்ல எந்த வேலையை எங்கே வைக்கிறதுன்னு கிளவுட் நிறுவனங்கள் முடிவு பண்றதும் இதே மாதிரி பெட்டி நிரப்புற கணக்குதான்.

இதை எங்கே யூஸ் பண்ணலாம்... எங்கே கூடாது?

* பல பேர் சேர்ந்து செய்ற வேலையா? பெருசை முதல்ல கொடுங்க. கடைசி நேர இடைவெளியை நிரப்ப சின்ன வேலைகளை மிச்சம் வைங்க.

* தனியா செய்றீங்களா? எந்த வரிசையில செஞ்சாலும் முடியுற நேரம் ஒண்ணுதான். ஆனா, பல பேர் உங்க பதிலுக்குக் காத்திருந்தா சின்னதை முதல்ல முடிங்க. சராசரிக் காத்திருப்பு அப்போதான் ரொம்பக் குறையும்.

* சமையல் மாதிரி ஒண்ணு முடிஞ்சாதான் இன்னொண்ணு ஆரம்பிக்கணுமா? அங்கே ரெண்டு மடங்கு கேரன்டி நிக்கும், மூணில் ஒரு பங்கு கேரன்டி நிக்காது. கூடுதலா ஒரு ஆள் வந்தா, சில சமயம் வேலை முன்னைவிட லேட்டாகும்னுகூட கிரஹாம் காட்டியிருக்கார்!

* லிஸ்ட் போடவே நேரம் இல்லையா? பரவாயில்லை, யாரும் சும்மா உட்காராம கையில கிடைச்சதை எடுங்க. ரெண்டு மடங்கைத் தாண்டாது.

'சரியான பிளான் கிடைக்கட்டும், அப்புறம் ஆரம்பிக்கலாம்'னு எத்தனை வேலையைத் தள்ளிப்போட்டிருப்போம்? அந்தப் பிளானைத் தேடுறதுல போற நேரம் எந்தக் கணக்குலயும் வர்றதில்லை. ஆரம்பிச்சா அதிகபட்சம் எவ்வளவு நஷ்டம்னு கணிதம் எல்லை போட்டுக் கொடுத்திருக்கு. ஆரம்பிக்காமலே இருந்தா ஆகுற நஷ்டத்துக்கு அப்படி எந்த எல்லையும் கிடையாது!