களத்தில் இறங்கும் பிள்ளைக்கு உறக்கமும் பயிற்சியே



வடசென்னையில் வாழும் நமக்குக் குத்துச்சண்டை புதிதல்ல. ராயபுரத்திலும் காசிமேட்டிலும் நம் தாத்தாக்கள் காலத்திலேயே கிளவுஸ் மாட்டியவர்கள் உண்டு. இன்று நம் பெண்பிள்ளைகளும் மாட்டுகிறார்கள். விடியற்காலையில் ஓட்டம், பிறகு பள்ளி, மாலையில் மறுபடியும் பயிற்சி. போட்டி நெருங்க நெருங்க, “இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்” என்று நாமும் விரட்டுகிறோம். ஒரு நாள் அந்தப் பிள்ளை, “இனி வேண்டாம்” என்று கிளவுஸைக் கழற்றி வைத்துவிடுகிறது.

திருத்தூதர் பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் 9ஆம் அதிகாரத்தில் குத்துச்சண்டையை உவமையாக எடுத்துக்கொள்கிறார். கொரிந்துக்குப் பக்கத்தில் இஸ்துமியாவில் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை விளையாட்டு விழா நடந்தது. கேட்டவர்களுக்கு அது பழகிய காட்சி. உடலை அடக்குவது பற்றி அவர் சொல்வதை மட்டும் பிடித்துக்கொண்டு, வதைத்தால்தான் வெற்றி என்று நாம் எண்ணிவிடுகிறோம். காற்றில் விழும் குத்து வீண் என்பதும் அதே இடத்தில்தான் வருகிறது. களைத்த உடலோடு செய்யும் பயிற்சி பெரும்பாலும் காற்றில் விழும் குத்துதான்.

ஏனென்றால், பயிற்சி நேரத்தில் தசை வளர்வதில்லை, நைந்துபோகிறது. உணவும் உறக்கமும் கிடைக்கும்போதுதான் உடல் அதைச் சீர்செய்து முன்னிலும் வலுவாக்குகிறது. அந்த நேரத்தைப் பிடுங்கிக்கொண்டால் என்ன ஆகும்? சாதாரண அலுப்பு ஓர் இரவு தூங்கினால் போய்விடும். இது போகாது. காலையில் எழுந்ததுமே நாடித்துடிப்பு வழக்கத்தைவிடக் கூடுதலாக இருக்கும். உடல் களைத்திருந்தும் தூக்கம் வராது. பசி குறையும், சளி அடிக்கடி பிடிக்கும், சின்னச் சொல்லுக்கும் கோபம் வரும். உழைப்பு கூடக் கூட ஆட்டம் மட்டும் இறங்கும். இதைச் சோம்பல் என்று திட்டுகிறோமே, அதுதான் வேதனை.

எடைப் பிரச்சினை வேறு. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகாட் 50 கிலோ பிரிவில் ஒரே நாளில் மூவரை வென்று இறுதிக்கு வந்தார். இரவெல்லாம் பாடுபட்டு, முடியைக்கூட வெட்டியும், மறுநாள் காலை 100 கிராம் கூடுதல், தகுதி இழந்தார். அமெரிக்காவில் 1997இன் இறுதியில் கல்லூரி மல்யுத்த வீரர்கள் மூவர், எடை குறைக்க வியர்வையை வலிந்து வெளியேற்றி, சில வாரங்களுக்குள் அடுத்தடுத்து உயிரிழந்தார்கள். வளரும் பிள்ளையைப் பட்டினி போட்டு, தண்ணீர் கொடுக்காமல், கீழ் எடைப் பிரிவில் நிறுத்துவது நமக்கு வேண்டாம். மேல் பிரிவில் தோற்றாலும் பரவாயில்லை.

நல்ல பயிற்சியாளர்கள் வாரத்தில் ஒரு நாள் முழு ஓய்வு தருவார்கள். போட்டிக்கு முந்தைய ஓரிரு வாரங்களில் வேகத்தை விடாமல் பயிற்சியின் அளவைக் குறைப்பார்கள். கடைசி நாள்களில் கடுமையான ஸ்பாரிங் வைக்கமாட்டார்கள். தலையில் பலத்த அடி பட்டால் மருத்துவர் சொல்லும்வரை ரிங் பக்கமே அனுப்பமாட்டார்கள். பிள்ளைகள் இதையெல்லாம் தாங்களாகக் கேட்கமாட்டார்கள். பயந்தவன் என்று பெயர் வந்துவிடுமே என்ற கூச்சம். பெற்றோராகிய நாம்தான் போய்ப் பேச வேண்டும்.

ஞாயிறு திருப்பலி முடிந்து வீடு திரும்பியதும் அவர்கள் தூங்கட்டும். மதியச் சாப்பாட்டுக்கு எழுப்பினால் போதும்.