மலையேறும் ஜீப்புக்கு மாற்றுக் காற்றுக்குழாய் அவசியந்தானா?

நம் நாட்டில் எந்த நிறுவனத்தின் தயாரிப்பாக இருந்தாலும், நான்கு சில்லுகளும் இழுக்கும் பெரிய வாகனத்தை 'ஜீப்' என்றே அழைக்கிறோம். நகரங்களில் அது அந்தஸ்தின் அடையாளமாக இருக்கலாம். ஆனால் ஊவாவின் மலைத் தோட்டங்களில் அது ஒரு தேவை. பதுளை நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 680 மீற்றர் உயரத்திலுள்ளது. அங்கிருந்து பசறை வழியாக ஏறும் வீதியின் மேற்பகுதியில் அமைந்த மடுல்சீமைத் தோட்டங்கள் பலவும் 1,000 மீற்றரைத் தாண்டி நிற்கின்றன. பிரதான வீதியிலிருந்து லயன்களுக்குப் பிரிந்து செல்லும் கல் பாதைகளில் சாதாரண கார்கள் ஓட முடியாது. நள்ளிரவில் நோயாளி ஒருவரை வைத்தியசாலைக்குக் கொண்டு செல்வதற்கும், சிறிய உலக முடிவைக் காண வரும் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் செல்வதற்கும் இத்தகைய வாகனங்களே கைகொடுக்கின்றன.

2020 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த வாகன இறக்குமதித் தடை, தனியார் வாகனங்களைப் பொறுத்தவரை 2025 பெப்ரவரியிலேயே தளர்த்தப்பட்டது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில் பழைய வாகனங்களைப் பழுதுபார்த்து ஓட்டுவதைத் தவிர உரிமையாளர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. தடை நீங்கிய பின்னரும் புதிய ஜீப்பின் விலை சாதாரண மக்களின் கைக்கு எட்டுவதாக இல்லை. எனவே இருக்கும் வாகனத்திலேயே கூடுதல் வலுவைப் பெற முடியுமா என்ற ஆசை எழுவது இயல்பே. அந்த ஆசைக்கு விடையாக உதிரிப்பாகக் கடைகள் முன்வைக்கும் பொருள்களில் ஒன்றுதான் மாற்றுக் காற்று உள்ளெடுப்பு அமைப்பு. கூம்பு வடிவ வடிகட்டி, அகன்ற குழாய், கூரை வரை உயரும் மூச்சுக்குழல் எனப் பல வடிவங்களில் அது கிடைக்கிறது. இதற்குச் செலவிடும் பணம் பயன் தருமா என்பதை, இயந்திரம் எவ்வாறு மூச்சு விடுகிறது என்பதிலிருந்தே ஆராய வேண்டும்.

இயந்திரத்தின் மூச்சு

டீசலோ பெற்றோலோ தனியாக எரிவதில்லை. ஒரு கிலோகிராம் டீசல் முழுமையாக எரிவதற்கு ஏறக்குறைய 14.5 கிலோகிராம் காற்று தேவை. நம் நாட்டில் பெரிதும் அறியப்பட்ட லேண்ட் குரூசர் 70 வரிசையின் 4.2 லீற்றர் டீசல் இயந்திரத்தை உதாரணமாகக் கொள்வோம். நான்கு வீச்சு இயந்திரம் என்பதால் அதன் ஒவ்வோர் உருளையும் இரண்டு சுழற்சிகளுக்கு ஒரு முறை காற்றை உள்ளிழுக்கிறது. நிமிடத்துக்கு 3,000 சுழற்சிகளில் ஓடும்போது அது விழுங்கும் காற்று 6,000 லீற்றருக்கும் அதிகமாகும். ஓய்வாக இருக்கும் மனிதர் ஒருவர் நிமிடத்துக்கு 6 முதல் 8 லீற்றர் காற்றையே சுவாசிக்கிறார். அப்படியானால் ஏறத்தாழ ஆயிரம் பேரின் மூச்சுக் காற்று ஒரே குழாய் வழியாகச் செல்கிறது எனலாம்.

இதைக் கேட்டதும், குழாயை அகலமாக்கினால் வலு பெருகும் என்று எண்ணத் தோன்றும். இங்கேதான் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டியுள்ளது. கடல் மட்டத்தில் வளிமண்டல அழுத்தம் ஏறக்குறைய 101 கிலோபாஸ்கல். 1,000 மீற்றர் உயரத்தில் அது 90 அளவுக்கு இறங்கிவிடுகிறது. டேர்போ இல்லாத பழைய ஜீப் மடுல்சீமைக்கு ஏறுகையில் களைத்துப் போவதற்கு முதன்மையான காரணம் இந்த இழப்புத்தான். மறுபுறம், சுத்தமான வடிகட்டியும் அதன் குழாயும் முழு வேகத்தில் ஏற்படுத்தும் தடை பொதுவாகச் சில கிலோபாஸ்கல்களே. அதனை மூன்று என்று கொண்டு, அந்தத் தடையை முற்றாக நீக்கிவிட முடியும் என்று வைத்துக்கொண்டாலும், மலை பறித்துக்கொண்ட பதினொன்றில் மூன்றைத்தான் மீட்கலாம். எந்த வடிகட்டியும் தடையே இல்லாமல் இயங்காது என்பதால் உண்மையான இலாபம் அதிலும் குறைவானது. ஓட்டுநரின் பாதம் அதை உணர்வதைவிட, உறுமும் ஓசையைக் காது உணர்வதே அதிகம். வலு கூடியது போன்ற பிரமைக்கு அந்த ஓசையே பல சமயங்களில் காரணமாகிறது.

டீசலும் பெற்றோலும்

பழைய டீசல் இயந்திரங்களில் காற்றைக் கட்டுப்படுத்தும் மூடி இருப்பதில்லை. இழுக்கக்கூடிய காற்று முழுவதும் எப்போதும் உள்ளே செல்கிறது. எவ்வளவு டீசல் பீச்சப்படுகிறது என்பதே வலுவைத் தீர்மானிக்கிறது. ஆகவே டீசலைக் கூட்டாமல் காற்றை மட்டும் சற்றுக் கூட்டுவதால் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் நிகழாது. இதை அறிந்த சில கராஜ்களில், குழாயை மாற்றிய கையோடு டீசல் பம்பையும் கூட்டி விடுகிறார்கள். அப்போது வலு கூடுவது உண்மைதான். ஆனால் உயரமான இடத்தில் அவ்வளவு டீசலை எரிக்கப் போதிய காற்று கிடைக்காதபோது, எஞ்சியது கரும்புகையாக வெளியேறுகிறது. வெளியேறும் வாயுவின் வெப்பமும் உயர்ந்து, பிஸ்டனுக்குக் கேடு விளைகிறது.

டேர்போ பொருத்திய வாகனங்களின் நிலை வேறு. டேர்போ மெல்லிய காற்றையும் அழுத்தி உள்ளே தள்ளுவதால் உயரத்தின் பாதிப்பைப் பெருமளவு ஈடுசெய்துகொள்கிறது. அண்மைக்கால ஜீப்புகளில் அழுத்தம் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதைக் கணினியே தீர்மானிப்பதால், மாற்றுக் குழாய்க்கு அங்கு அதிக வேலை இல்லை.

பெற்றோல் வாகனங்களில் எரிபொருள் மிச்சமாகும் என்ற விளம்பரத்தையும் ஆராய வேண்டும். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வுகூடம் 2009இல் வெளியிட்ட ஆய்வொன்று, கணினிக் கட்டுப்பாட்டுடன் எரிபொருள் பீச்சும் நவீன கார்களில் வடிகட்டி அடைபட்டிருந்தாலும்கூட எரிபொருள் செலவு குறிப்பிடத்தக்க அளவில் மாறுவதில்லை என்று கண்டறிந்தது. வேகமெடுக்கும் திறன் மட்டுமே பாதிக்கப்பட்டது. அடைபட்ட வடிகட்டியே எரிபொருள் செலவைக் கூட்டாதபோது, சுத்தமான வடிகட்டியை விலையுயர்ந்த மற்றொன்றால் மாற்றி எரிபொருளைச் சேமிக்கலாம் என்பது பொருந்தாத வாதம்.

வெப்பமும் தூசும்

பெரும்பாலான ஜீப்புகளில் தயாரிப்பாளரே காற்றின் வாயிலை மட்காட்டின் உட்புறத்திலோ முன்பக்கக் கிராதிக்குப் பின்னாலோ அமைத்திருப்பார். வெளியிலுள்ள குளிர்ந்த காற்றை எடுப்பதே அதன் நோக்கம். அந்தப் பெட்டியை அகற்றிவிட்டு, பொனட்டினுள் திறந்த கூம்பு வடிகட்டியைப் பொருத்தினால் இயந்திரத்தின் சூட்டிலேயே காற்றை எடுக்க நேரிடுகிறது. 25 பாகை செல்சியஸில் உள்ள காற்று 55 பாகைக்குச் சூடேறினால் அதன் அடர்த்தி ஏறக்குறைய 9 சதவீதம் குறைந்துவிடும். கூம்பு வடிகட்டியால் கிடைத்திருக்கக்கூடிய சிறு இலாபத்தை இந்த இழப்பு விழுங்கிவிடுகிறது. விளம்பரங்களில் காட்டப்படும் வலு அளவீடுகள் பல, பொனட்டைத் திறந்து வைத்து, மின்விசிறியின் காற்றில், உச்ச வேகத்தில் எடுக்கப்படுபவை. மலைப் பாதையில் ஜீப் ஓடுவதோ குறைந்த கியரில், மெதுவான வேகத்தில்.

இதைவிடப் பாரதூரமானது தூசுப் பிரச்சினை. கச்சான் காற்று வீசும் ஆனி முதல் புரட்டாதி வரையான காலத்தில் ஊவாவின் தோட்டப் பாதைகளில் செம்மண் புழுதி பறக்கும். புழுதியிலுள்ள மணற்துகள் உருளைக்குள் புகுந்தால் அரம்போல் வேலை செய்து பிஸ்டன் வளையங்களைத் தேய்த்துவிடும். நூற்றுக்கு 99.8 பங்கு தூசைத் தடுக்கும் வடிகட்டிக்கும் 99 பங்கு தடுக்கும் வடிகட்டிக்கும் இடையே பெரிய வேறுபாடு இல்லை என்று தோன்றலாம். ஆனால் 100 கிராம் தூசு வந்தால் முன்னது 0.2 கிராமையும் பின்னது ஒரு கிராமையும் உள்ளே விடுகின்றன. அதாவது ஐந்து மடங்கு வித்தியாசம். ஆகவே வடிகட்டி வாங்குவோர் எவ்வளவு காற்றை விடுகிறது என்பதை மட்டுமன்றி, எவ்வளவு தூசைத் தடுக்கிறது என்பதையும் கேட்க வேண்டும். ஐ.எஸ்.ஓ. 5011 என்ற சர்வதேச நியமத்தின்படி சோதிக்கப்பட்டதா என்பது கேட்கத்தக்க கேள்வி. எண்ணெய் தடவிய பருத்தி வடிகட்டிகளில் எண்ணெய் மிகுந்துவிட்டால், நவீன வாகனங்களில் காற்றின் அளவை உணரும் கருவியின் மீது அது படிந்து கோளாறு செய்வதும் உண்டு.

உயர்ந்த மூச்சுக்குழல்

இவற்றுள் ஓரளவு நியாயமான பயன் உடையது கூரை வரை உயரும் மூச்சுக்குழல். அது வலுவைக் கூட்டும் சாதனம் அன்று, பாதுகாப்புச் சாதனம். நீரை அமுக்க முடியாது. ஆகவே ஓடும் இயந்திரத்துக்குள் நீர் புகுந்தால் பிஸ்டனைத் தாங்கும் தண்டு வளைந்து இயந்திரமே பாழாகிவிடும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் பதுளை மாவட்டத்தில் ஏற்படுத்திய வெள்ளமும் மண்சரிவும் இன்னும் நினைவிலிருந்து அகலவில்லை. நிவாரணப் பணிக்கும் தூரத் தோட்டங்களுக்கும் செல்லும் வாகனங்களுக்கு உயர்ந்த மூச்சுக்குழல் உதவும். முன்னே செல்லும் வாகனம் கிளப்பும் புழுதியின் அடர்ந்த பகுதியையும் அது தவிர்க்கும். ஆனால் ஒவ்வோர் இணைப்பும் நீர் புகாதவாறு அடைக்கப்பட்டிருந்தால்தான் பயன். இணைப்பு ஒன்று கசிந்தால் குழலின் உயரம் பொய்யாகிவிடும். குழல் இருக்கிறது என்ற துணிவில் பெருக்கெடுத்த ஓடையில் இறங்குவதும் ஆபத்தானது. இயந்திரம் நின்றுபோகாவிட்டாலும் வாகனத்தையே வெள்ளம் அடித்துச் செல்லக்கூடும்.

புகை யாருடையது?

கரும்புகை வாகன உரிமையாளரின் சொந்த விவகாரம் மட்டுமன்று. மலைப்பாதை குறுகலானது. கொழுந்து பறிக்கச் செல்லும் பெண்களும் பாடசாலைப் பிள்ளைகளும் அதே பாதையோரமாக நடந்து செல்கிறார்கள். ஏற்றத்தில் திணறும் ஜீப் கக்கும் புகை அவர்களுடைய நெஞ்சுக்குள்ளேயே செல்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2012ஆம் ஆண்டில் டீசல் புகையை மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் சேர்த்தது. நம் நாட்டில் வாகனப் புகைப் பரிசோதனை 2008 முதல் நடைமுறையில் உள்ளது. வருமான அனுமதிப்பத்திரம் பெறுவதற்கு அதன் சான்றிதழ் தேவை. பரிசோதனைக்காக டீசல் பம்பைக் குறைத்துவிட்டு, பின்னர் மீண்டும் கூட்டிக்கொள்வது சட்டத்தை ஏமாற்றலாம். பாதையோரம் நடக்கும் பிள்ளையின் சுவாசப்பையை ஏமாற்ற முடியாது.

எதற்குச் செலவிடுவது?

களைத்துப்போன ஜீப்புக்கு முதலில் செய்ய வேண்டியது, பெட்டியைத் திறந்து வடிகட்டியைப் பார்ப்பதே. அது அடைபட்டிருந்தால் தயாரிப்பாளர் குறிப்பிட்ட தரத்திலான புதிய காகித வடிகட்டியைப் பொருத்தினால் போதும். புழுதிக் காலத்தில், கையேடு குறிப்பிடும் காலத்துக்கு முன்னதாகவே மாற்றுவது நல்லது. குழாயின் இறப்பர் இணைப்புகளில் வெடிப்பு உண்டா, பெட்டியின் மூடி சரியாகப் பொருந்துகிறதா என்றும் பார்க்க வேண்டும். அதன் பின்னும் புகை நிற்காவிட்டால் டீசல் பீச்சும் முனைகளையும் பம்பையும் தேர்ந்த ஒருவரிடம் சோதித்துக்கொள்ள வேண்டும். பலருடைய குறை இவ்வளவிலேயே தீர்ந்துவிடும்.

அதற்கு மேலும் கையில் பணம் இருக்குமானால், அது பிரேக்குக்கும் டயருக்கும் குளிரூட்டும் நீர்த் தொகுதிக்குமே செல்ல வேண்டும். 2021 மார்ச்சில் பசறை 13ஆம் மைல்கல் பகுதியிலும், 2025 செப்டெம்பரில் எல்ல–வெல்லவாய வீதியிலும் பேருந்துகள் பள்ளத்தில் வீழ்ந்து பல உயிர்கள் பலியாகின. அவற்றின் காரணங்கள் வேறுவேறாக இருக்கலாம். ஆயினும் ஊவாவின் வீதிகள் தவறுக்கு இடம் கொடாதவை என்பதை இரண்டுமே உணர்த்தின. ஏற்றத்தில் வலு குறைந்தால் பயணம் சில நிமிடங்கள் தாமதமாகும். இறக்கத்தில் பிரேக் பிடிக்காவிட்டால் பயணமே முடிந்துவிடும். வெள்ளத்தைக் கடக்க வேண்டிய வாகனங்களைத் தவிர, ஏனையவற்றுக்கு மாற்றுக் காற்றுக்குழாய் அலங்காரச் செலவே. நோயாளியை ஏற்றி நள்ளிரவில் மலையிறங்கும் ஜீப்புக்கு அந்த அலங்காரம் தேவையில்லை.