எழுத்திலிருந்து திரைக்கு

ஓர் எழுத்தாளர் நாடகத்தை எழுதி முடித்தவுடன் அது அப்படியே படப்பிடிப்புக்குச் சென்றுவிடுவதில்லை. கதை நன்றாக இருந்தாலும், அதைக் குறிப்பிட்ட நேரத்திற்குள், குறிப்பிட்ட செலவில் படமாக்க முடியுமா என்று பார்க்க வேண்டும். காட்சிகளும் வசனங்களும் அடங்கிய எழுத்து வடிவத்தைப் 'பிரதி' என்பர். எழுத்தாளருடன் சேர்ந்து அதைச் செப்பனிடுபவர் பிரதிச் செம்மையாளர்.

முதலில் கவனிக்க வேண்டியது நேரம். திரைக்கதைக்குரிய வழக்கமான அமைப்பில் எழுதிய 1 பக்கம், திரையில் ஏறத்தாழ 1 நிமிடம் ஓடும் என்பது பொதுவான கணக்கு. அரை மணி நேர நிகழ்ச்சியில் விளம்பரங்களுக்கும் நேரம் ஒதுக்க வேண்டும். ஆகவே, 30 பக்கப் பிரதி வந்தால் சில பக்கங்களைக் குறைத்தே ஆக வேண்டும்.

அடுத்தது இடமும் செலவும். படிப்பை நிறுத்திவிட்டதாக மகன் தந்தையிடம் சொல்லும் காட்சி ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளலாம். அது தேக்கா சந்தையில், கூட்டத்தின் நடுவே நடப்பதாக எழுத்தாளர் எழுதியிருக்கிறார். அங்குப் படம்பிடிக்க அனுமதி பெற வேண்டும். துணை நடிகர்கள் பலர் வேண்டும். இரைச்சலில் வசனமும் தெளிவாகப் பதிவாகாது. வீவக புளோக்கின் கீழ்த்தளத்தில் எடுத்தால் செலவு குறையும். ஆனால், யோசிக்காமல் இடத்தை மாற்றினால் கதை கெட்டுவிடலாம்.

எனவே, "இந்தக் காட்சி ஏன் சந்தையில் நடக்க வேண்டும்?" என்று செம்மையாளர் கேட்கிறார்.

"நாலு பேர் பார்க்கும் இடத்தில் தந்தையால் கோபத்தைக் காட்ட முடியாது. அதற்காகத்தான்," என்கிறார் எழுத்தாளர்.

அப்படியானால், பெருங்கூட்டம் தேவையில்லை. கீழ்த்தளத்தில் சதுரங்கம் ஆடும் இரண்டு முதியவர்கள் நிமிர்ந்து பார்த்தாலே போதும். செலவும் குறைகிறது, எழுத்தாளரின் நோக்கமும் நிறைவேறுகிறது.

மூன்றாவது, வசனம். படிக்கும்போது அழகாகத் தோன்றும் வசனம், பேசும்போது செயற்கையாக ஒலிக்கலாம். அதனால், நடிகர்கள் ஒன்றாக அமர்ந்து பிரதியை வாய்விட்டுப் படித்துப் பார்க்கின்றனர். "உன்னை மன்னித்துவிட்டேன்" என்று தந்தை சொல்வதைவிட, மகனின் தட்டில் பேசாமல் ஒரு தோசையை வைப்பது மனத்தைத் தொடும். அங்கே ஒரு வரி நீங்குகிறது, காட்சியோ வலுப்பெறுகிறது.

ஒவ்வொரு திருத்தத்துக்கும் எண்ணும் தேதியும் இடப்படும். சில தயாரிப்புகளில் திருத்திய பக்கங்களை நீலம், இளஞ்சிவப்பு, மஞ்சள் எனத் தனித்தனி நிறத் தாள்களில் அச்சிடுவர். இல்லையென்றால், ஒரு நடிகர் பழைய வசனத்தை மனனம் செய்துகொண்டு படப்பிடிப்புக்கு வந்துவிடக்கூடும்.

செம்மையாளர் தாமே எல்லாவற்றையும் மாற்றி எழுதினால் வேலை விரைவில் முடியும். ஆனால், அந்தக் கதையில் எழுத்தாளரின் குரல் இருக்காது. எழுத்தாளர் ஒரு வரியையும் விட்டுக்கொடுக்க மறுத்தால், கதை தாளிலேயே தங்கிவிடும். ஒருவர் காரணம் கேட்டு, மற்றவர் காரணம் சொல்லி, இருவரும் சேர்ந்து முடிவெடுக்கும்போதுதான் நல்ல நாடகம் திரைக்கு வருகிறது.