‘புல்புல்’ திரைப்படத்தில் பாதக் குறியீடும் குழந்தைமணமும்

முன்னுரை

அன்விதா தத் எழுதி இயக்கிய ‘புல்புல்’ என்னும் இந்தித் திரைப்படம் 2020ஆம் ஆண்டு ஜூன் மாதம் நெட்ஃபிளிக்ஸ் தளத்தில் வெளியானது. வங்காள மாகாணத்தின் ஜமீன் குடும்பம் ஒன்றில் 1881இல் நிகழும் குழந்தைமணத்தோடு தொடங்கும் கதை, இருபது ஆண்டுகளுக்குப் பின் தொடர்கிறது. பாதங்கள் பின்னோக்கித் திரும்பிய ‘சுடைல்’ என்னும் பெண்பேய் காட்டில் உலவி ஆண்களைக் கொல்கிறது என்னும் ஊராரின் அச்சமே கதையின் முடிச்சு. அப்பேய் வெளியிலிருந்து வந்ததன்று; மணவாழ்வே அதனை உருவாக்கியது. இதனைப் படம் பாதம் என்னும் ஒரே குறியீட்டின் வழி உணர்த்துமாற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

பாதத்தின் மூன்று நிலைகள்

முதல் நிலை அணிகலன். மணநாளில் சிறுமி புல்புலுக்கு மெட்டி அணிவிக்கப்படுகிறது. காரணம் வினவும் குழந்தைக்கு, விரல் நரம்பை அழுத்திப் பெண்ணைக் கட்டுக்குள் வைப்பதற்கே அது என விடை கிடைக்கிறது. தன் வயதையொத்த சத்யாவே மணமகன் என எண்ணிய அவள், அவனுடைய மூத்த அண்ணன் இந்திரனீலுக்கே தான் மனைவி என்பதைப் பின்னரே அறிகிறாள்.

இரண்டாம் நிலை சிதைவு. சத்யாவின்மீது மனைவி கொண்ட அன்பை ஐயுறும் இந்திரனீல், இரும்புக் கோலால் அவள் பாதங்களை அடித்து நொறுக்குகிறான். கட்டுப்போட்ட கால்களோடு படுக்கையில் கிடப்பவளைக் கணவனின் இரட்டையனான மகேந்திரன் வன்புணர்ந்து கொல்கிறான். மகேந்திரனின் மனைவி பினோதினியோ, பட்டும் நகையும் கிடைக்கும், வாய் திறவாதே என்றே அறிவுறுத்துகிறாள்.

மூன்றாம் நிலை திரிபு. காளியின் அருளால் உயிர்த்தெழும் புல்புலின் பாதங்கள் பின்னோக்கித் திரும்புகின்றன. புகுந்த வீட்டாரின் கொடுமையாலோ மகப்பேற்றிலோ இறந்த பெண் சுடைலாவாள் என்பது வட இந்திய நாட்டார் நம்பிக்கை. அந்நம்பிக்கையின் அடையாளமான திரும்பிய பாதத்திற்கு, இல்லற வன்முறையைக் காரணமாக்குகிறது படம்.

வரலாற்றுப் பின்புலம்

கதை நிகழும் 1881க்கும் 1901க்கும் இடையே, 1891இல் இசைவு வயதுச் சட்டம் நிறைவேறியது. பாலுறவுக்கான இசைவு வயது 10இலிருந்து 12ஆக உயர்த்தப்பட்டது. அதற்கு உந்துதலான புல்மோனி தாசி வழக்கு 1890இல் கல்கத்தாவில் விசாரிக்கப்பட்டது. கணவனின் வன்புணர்வால் சிறுமி இறந்திருந்தாள். அவள் பத்து வயதைக் கடந்திருந்தமையால் அச்செயல் சட்டப்படி வன்புணர்வாகக் கருதப்படவில்லை. கணவனுக்கு ஓராண்டுக் கடுங்காவலே விதிக்கப்பட்டது. படம் இவ்வழக்கைக் குறிப்பிடவில்லை. எனினும், சட்டம் தண்டியாத இடத்தில் பேய் தண்டிக்கிறது என்னும் அதன் கற்பனை இப்பின்புலத்திலேயே முழுப்பொருள் பெறுகிறது.

வரையறை

வன்புணர்வும் தெய்வ அருளும் நிகழ்ந்த பின்னரே பெண்ணுக்கு ஆற்றல் வாய்ப்பது படத்தின் குறையெனலாம். பினோதினியும் அதே மாளிகையின் பலியே. அவளுக்கோ பேயுருவும் இல்லை, விடுதலையும் இல்லை. மனித நிலையில் நின்று எதிர்க்கும் பெண்ணுக்குப் படத்தில் இடமில்லாமற் போகிறது.

முடிவுரை

மெட்டியால் அடக்கப்பட்டு, கோலால் நொறுக்கப்பட்ட பாதமே இறுதியில் திரும்பி நடக்கிறது. காட்டுத் தீயில் மறைந்த புல்புல், மாளிகைக்கு மீளும் கணவன்முன் மீண்டும் தோன்றுகிறாள். பேயை ஓட்டுவதோடு அமையும் வழக்கமான திகில் கதைக்கு மாறாக, மணமே பேயின் பிறப்பிடம் எனக் காட்டுவதில் இப்படம் தனித்து நிற்கிறது.